அறுபத்தெட்டாவது சால்

மொக்கையனுக்குச் சாமி வருவதற்கு ஒரு காரணமும் வேண்டியதில்லை. தகரத்தைத் தட்டினால் போதும். கல்யாண வீட்டு மேளத்துக்கு வந்திருக்கிறது, ஏலக்காரன் தமுக்குக்கு வந்திருக்கிறது. ஒருமுறை மதுரைக்குப் பேசும் படம் பார்க்கப் போனவனுக்கு, படத்துக்குள்ளே எவனோ உடுக்கையடித்ததற்கே வந்துவிட்டது. தரையில் உட்கார்ந்திருந்தவன் எழுந்து ஆடி, திரையில் தெரிந்த ராஜாவின் நெற்றியில் திருநீறு பூசப் பாய்ந்தான். நாலு பேர் சேர்ந்து தூக்கிக் கொண்டுவந்து தெருவில் விட்டார்கள். தெருவில் ஒருவன் கோலி சோடா உடைத்தான். அந்தச் சத்தத்துக்கு மறுபடியும் வந்தது.

அவனுடைய பெரியப்பா மகன் பேயாண்டிக்கோ, இரண்டு திருவிழாவாக ஊரே நின்று கூப்பிட்டும் வரவில்லை.

சிரிக்கிற சமாச்சாரமில்லை இது. கீழக்குயில்குடிக்குக் கொஞ்சம் மேற்கே, சமணமலை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருக்கிறது அந்த ஊர். அங்கே ஒத்தப்பனைக் கருப்புக்கு முப்பது வருஷம் சாமியாடியாக இருந்தவர் பேயாண்டியின் அப்பா. பங்குனிப் பொங்கலன்று மேளம் முழங்கினால் கருப்பு அவர் மேல் இறங்கும், ஆடும், ஊருக்குக் குறி சொல்லும். அவர் காலமான பிறகு, வழக்கப்படி, மூத்த மகன் மேல்தான் இறங்க வேண்டும். அதற்கு மூன்று திருவிழா தவணை. மூன்றிலும் இறங்கவில்லையென்றால் கோயிலில் பூக்கட்டிப் போட்டுப் பார்த்து, உத்தரவு வாங்கி, வேறு பங்காளிக்கு அந்த உரிமையைக் கொடுத்துவிடுவார்கள். அந்த வேறு பங்காளி யார் என்று யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. மொக்கையன் மட்டும் மதுரையில் ஒரு தையல்காரனிடம் அளவு கொடுத்து, சாமியாடி கட்டுகிற சல்லடம் ஒன்றை முன்கூட்டியே தைத்து வைத்திருந்தான். சல்லடம் என்றால் முழங்காலுக்கு மேலே நிற்கும், மணி தைத்த பட்டுக் கால்சட்டை.

முதல் வருஷம் மேளக்காரர்கள் காலையில் ஆரம்பித்து உச்சிவேளை வரைக்கும் அடித்தார்கள். பேயாண்டி அப்பாவுடைய சல்லடத்தைப் போட்டுக்கொண்டு கையில் வீச்சரிவாளோடு கண்ணை மூடி நின்றான். அப்பா ஒல்லிக்குச்சி. பேயாண்டி தாட்டியான ஆள். சாமி வருகிறதோ இல்லையோ, வருவதற்குள் சல்லடம் கிழியாமல் இருக்க வேண்டுமே என்பதுதான் அவன் பெண்சாதி அன்னக்கொடியின் கவலை. கடைசியில் அவன் உடம்பை ஒருமுறை தூக்கிப் போட்டது. பெண்கள் குலவையிட்டார்கள். பூசாரி சோலை ஓடிவந்து முகத்தில் திருநீற்றை அள்ளி அடித்தார். மறுபடி தூக்கிப் போட்டது. மறுபடி அடித்தார். ஐந்தாவது தடவைதான் அது விக்கல் என்று தெரிந்தது.

இரண்டாவது வருஷம், உசிலம்பட்டி பஸ் நின்றுபோனால் இறங்கித் தள்ளிக் கிளப்புகிறார்களே, அந்த மாதிரி தள்ளிவிட்டுப் பார்க்கலாம் என்று பேயாண்டிக்கு ஒரு யோசனை. முதலில் தானாகவே கொஞ்சம் தோளை ஆட்டுவது, பிறகு சாமி பிடித்துக்கொள்ளும். ஆட்டினான். மேளம் உச்சத்துக்குப் போனது. பூசாரி கைகூப்பி, "அப்பே, வந்திருக்கது கருப்புதானா?" என்று கேட்டார்.

பேயாண்டி ஆட்டத்தை நிறுத்திக் கண்ணைத் திறந்தான். "இல்ல பூசாரி. இம்புட்டு நேரமும் நானாத்தான் ஆடினேன். மன்னிச்சுருங்க" என்றான்.

வேறு எவனாக இருந்தாலும் சமாளித்திருப்பான். இவனுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. அவனுக்கு முதல் மரியாதைத் தேங்காயும் பெரிசில்லை, ஆட்டுத்தலையும் பெரிசில்லை. அவன் கஷ்டம் வேறே.

"எனக்கு வெக்கமாக்கூட இல்ல புள்ள, வலிக்குது" என்று அன்னக்கொடியிடம் ஒரு நாள் கிணற்றடியில் சொன்னான். "எங்கப்பன் மேல முப்பது வருஷம் ஏறி உக்காந்த சாமி. என்னைய ஒரு தரம் தொட்டுப் பாக்கக்கூட அதுக்குத் தோணலையே. நான் என்ன செஞ்சேன்? அதுக்கு என்னையப் பிடிக்கலையா?"

அன்னக்கொடிக்கு அவன் மேல் இரக்கம்தான். அதைக் காட்டிக்கொள்கிற ரகமில்லை அவள். "சாமிக்கு ஆயிரம் சோலி. நீ மொதல்ல அந்தச் சகடைக்கு எண்ணெய் போடுய்யா. காது கிழியுது" என்று சொல்லிவிட்டு மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு கத்தரிப் பாத்திக்குப் போய்விட்டாள். கிணற்றுக் கயிறு ஓடுகிற அந்தச் சகடை உருளைக்கு எண்ணெய் போடும்படி அவள் பத்து வருஷமாகச் சொல்லி வருகிறாள்.

அவர்கள் பிழைப்பு அந்தக் கிணறுதான். ஒரு ஏக்கரில் கத்தரியும் மிளகாயும் போட்டு மதுரைச் சந்தைக்கு ஏற்றுகிறவர்கள். கிணற்றுத் தண்ணீரைக் கமலையில்தான் இறைக்க வேண்டும். சால் என்கிற பெரிய இரும்பு வாளி ஒன்று வடத்தில் கட்டிக் கிணற்றுக்குள் தொங்கும். வடம் சகடை மேல் ஓடி மாடுகளின் நுகத்தடிக்கு வரும். செவலையும் மயிலையும் சரிவில் இறங்கி இழுத்தால் சால் மேலே வந்து தண்ணீரைத் தொட்டியில் கொட்டும். பிறகு இரண்டும் பின்பக்கமாகவே நடந்து மேடேற, சால் மறுபடி இறங்கும். மாடு சரிவில் இறங்கும்போது ஓட்டுகிறவன் வடத்தின் மேல் உட்கார்ந்து கனம் கொடுப்பான். ஏறும்போது மாட்டோடு சேர்ந்து அவனும் பின்பக்கமாக நடப்பான். ஒரு நாளைக்கு நூற்றைம்பது சால். இப்படி இருபது வருஷம்.

எண்ணிக்கை தப்பக்கூடாது. அதற்கு அவன் அப்பா காலத்திலிருந்து ஒரு வழக்கம், ஒவ்வொரு சாலுக்கும் கருப்பைக் கூப்பிட்டுத்தான் எண் சொல்வது. கருப்பா ஒண்ணு. கருப்பா ரெண்டு. அப்பா அதோடு நிறுத்திக்கொள்வார். பேயாண்டிக்கு நிறுத்தத் தெரியாது.

"கருப்பா நாப்பத்திமூணு... மேலப் பாத்தியில பூச்சி விழுந்துருக்கு, கண்ணத் தொறந்து பாத்தியா? கருப்பா நாப்பத்திநாலு... நேத்தே பாத்தேன்னு சொல்லாத, நேத்து அந்தப் பூச்சி இல்ல. ஏய் செவலை, என்னத்த வேடிக்கை பாக்குற? கருப்பா நாப்பத்தஞ்சு... இவ சகடை சகடைங்குறா, நீயே சொல்லு, அம்புட்டுச் சத்தமா கேக்குது?"

நாள் பூராவும் இதுதான். தெருவில் போகிறவர்கள் கிணற்றடியில் ரெண்டு ஆள் சண்டை போடுகிறார்கள் என்று நினைப்பார்கள். மாடுகளும் அந்தக் குரலுக்குத்தான் நடக்கும். வேறு யார் கயிற்றைப் பிடித்தாலும் அசையாமல் நின்று அசைபோடும்.

மூன்றாவது திருவிழா நெருங்கியது. இதுதான் கடைசித் தவணை. பேயாண்டி உட்கார்ந்து யோசித்தான். சேறும் சாணியுமாகக் கிணற்றடியில் கிடக்கிறவன் மேல் எந்தச் சாமி வந்து உட்காரும்? அப்பா திருவிழாவுக்கு ஏழு நாள் விரதம் இருப்பார். இவன் இருபத்தொரு நாள் இருப்பது என்று தீர்மானித்தான். கையில் காப்புக் கட்டிக்கொண்டான். கமலைக்கு வாரதில்லை, மண்வெட்டியைத் தொடுறதில்லை, வேறு நினைப்பே இல்லை, கருப்பு ஒருத்தர்தான்.

"கத்தரிக்கு யாரு தண்ணி எறைப்பா? கருப்பா?" என்று கேட்டாள் அன்னக்கொடி.

"சாமி காரியம் புள்ள. இருபத்தொரு நாளு பொறுத்துக்க."

சமணமலை மேல் குகைக்குள்ளே, அந்தக் காலத்துச் சமணத் துறவிகள் படுத்திருந்த கல் படுக்கைகள் உண்டு. அம்புட்டுப் பெரிய தவசிகள் படுத்த இடத்தில் உட்கார்ந்தால் கொஞ்சமாவது ஒட்டாதா என்று பேயாண்டி தினமும் காலையில் மலையேறிவிடுவான். உட்கார்ந்தால் முட்டி வலித்தது. படுத்தால் முதுகு வலித்தது. அந்தத் துறவிகள் எப்படித்தான் படுத்தார்களோ, சாமி தெரிவதற்கு முன்னாடி இடுப்பு விட்டுப்போயிருக்குமே என்று அவர்கள் மேல் அவனுக்குப் பரிதாபம் வந்தது. விரதத்துக்கு வைத்திருந்த வாழைப்பழத்தைக் குரங்கு கொண்டுபோனது. கண்ணை மூடினால் கருப்பு தெரிய வேண்டும். கத்தரிக்காய்தான் தெரிந்தது. ஊதாவாக, பளபளவென்று, காம்போடு.

சரி, பெயரையாவது சொல்வோம் என்று ஆரம்பித்தான். கருப்பா ஒண்ணு, கருப்பா ரெண்டு. ஏழுக்குமேல் எண்ணிக்கை விட்டுப்போனது. கிணற்றடியில் நூற்றைம்பது வரைக்கும் ஒன்றுகூடத் தப்பாதவனுக்கு இங்கே ஏழைத் தாண்ட முடியவில்லை. ஒவ்வொரு எண்ணுக்கும் தண்ணீர் கொட்டுகிற சத்தம் வராதா என்று காது காத்துக்கொண்டிருந்தது. இருபத்தொரு நாளில் பதினெட்டு நாள் அவன் அங்கே நன்றாகத் தூங்கினான்.

கீழே அன்னக்கொடி மாடுகளோடு மல்லுக்கட்டினாள். அவள் குரலுக்கு அவை நடக்கவில்லை. ரெண்டு நாள் கெஞ்சினாள், ஒரு நாள் அழுதாள். நாலாம் நாள் புருஷன் தலைப்பாகையை எடுத்துக் கட்டிக்கொண்டு, அவன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, தொண்டையைக் கட்டையாக்கி, "கருப்பா ஒண்ணு... ஏய் செவலை, என்னத்த வேடிக்கை பாக்குற?" என்றாள். செவலை நடந்தது. அவளே மாட்டை ஓட்டி, அவளே ஓடிப்போய் மடையைத் திருப்பி, அவளே ஓடிவந்து மறுபடி கட்டைக் குரலில் பேசி, நாளைக்கு நாற்பது சால் இறைத்தாள். குரல் கம்மிப்போய், சந்தையில் வியாபாரிகள் அவளை "என்னண்ணே" என்று கூப்பிடுகிற நிலைக்கு வந்துவிட்டது. அதற்கும் வந்தது கேடு. திருவிழாவுக்கு நாலு நாளைக்கு முன்னால் மயிலை திரும்பி அவளை ஒரு பார்வை பார்த்தது. அதோடு சரி. ரெண்டும் நின்றுகொண்டன.

பங்குனி வெயில். நாலு நாள் தண்ணீர் காணாத கத்தரி எப்படியிருக்கும் என்று வெள்ளாமை செய்கிற சம்சாரிக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பொங்கலன்று ஊரே கோயில் முன்னால் கூடியிருந்தது. பேயாண்டி மூன்றாம் முறையாக அப்பாவின் சல்லடத்துக்குள் உடம்பைத் திணித்துக்கொண்டு நின்றான். விரதத்தில் இளைத்திருப்பான் என்று பார்த்தால், தூங்கித் தூங்கி ஒரு சுற்றுப் பெருத்திருந்தான். மேளம் முழங்கியது. வேப்பிலை அடித்தார்கள். மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். சாம்பிராணிப் புகையில் முன்வரிசைக்காரர்களுக்கு இருமல் வந்தது, பேயாண்டிக்கு ஒன்றும் வரவில்லை. அந்தப் பக்கம் மொக்கையன் புதுச் சல்லடத்தோடு கிடுகிடுவென்று நடுங்கிக்கொண்டிருந்தான். ரெண்டு பேர் அவனை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "இருப்பா கருப்பு, பொறு, அண்ணன் மொறை முடியட்டும்" என்று சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

உச்சிவேளையும் தாண்டிப் போனது. மேளக்காரர்களுக்குக் கை ஓய்ந்தது. ஊர்த் தலைவரான அம்பலம் எழுந்து மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "போதும்ப்பா. வெயில் கொஞ்சம் தாழட்டும், பூக்கட்டிப் போட்டுருவோம்" என்றார்.

பேயாண்டி அப்படியே நின்றான். எல்லோரும் நிழலுக்குப் போய்விட்டார்கள். முப்பது வருஷம் அப்பா ஆடிய இடத்தில் தான் மட்டும் மஞ்சள் தண்ணீர் சொட்டச் சொட்ட நிற்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

வெயிலில் விறுவிறுவென்று நடந்து அன்னக்கொடி வந்தாள். "வாய்யா போவோம்" என்றாள், கம்மிய குரலில்.

"எங்க?"

"மேலப் பாத்தி கருகுது. சாமி வந்தா வருது, வராட்டிப் போகுது. கத்தரிக்கு நாமதான் போகணும்."

அவள் கையைப் பிடித்து இழுக்க, அவன் பின்னாலேயே போனான். கிணறு கோயிலிலிருந்து கூப்பிடு தூரம்தான். சல்லடத்தை மாற்றக்கூட அவனுக்குத் தெம்பில்லை. இடுப்பு மணி கிணுகிணுவென்று சத்தம் போட, மாட்டைப் பூட்டினான். செவலை அவன் தோளை மோந்து பார்த்து ஒரு பெருமூச்சு விட்டது. அன்னக்கொடி மண்வெட்டியோடு பாத்திக்கு ஓடினாள்.

"கருப்பா ஒண்ணு" என்றான் பேயாண்டி. மாடுகள் நடந்தன. வடத்தின் மேல் உட்கார்ந்தான். சர்ரென்று அப்பாவின் சல்லடம் பின்பக்கம் முழுசாகக் கிழிந்தது. துண்டை எடுத்து மேலே கட்டிக்கொண்டான். இனிமேல் அது எதற்கு?

பத்து சால் வரைக்கும் எண்ணை மட்டும் சொன்னான். பதினொன்றில் வாய் திறந்துகொண்டது.

"கருப்பா பதினொண்ணு... நல்லாருப்பா நீ. போ, மொக்கையன் மேலயே போ. கருப்பா பன்னண்டு... அவன் சினிமாக் கொட்டகைக்கெல்லாம் கூட்டிக்கிட்டுப் போவான், நான் உன்னைய எங்க கூட்டிக்கிட்டுப் போனேன், இந்தக் கெணத்தடியத் தவிர? கருப்பா பதிமூணு... எங்கப்பன் சல்லடத்தையும் கிழிச்சுட்டேன், பாத்தியா? சிரி. நல்லாச் சிரி."

அழுதுகொண்டே இறைத்தான். திட்டிக்கொண்டே இறைத்தான். முப்பதில் மூக்கைச் சிந்தினான். நாற்பதில் கோபம் தீர்ந்துபோனது. ஐம்பதுக்குமேல் பேச ஒன்றும் மிச்சமில்லை. பெயரும் எண்ணும்தான் இருந்தன. இறங்கும்போது கருப்பா, ஏறும்போது எண். இருபத்தொரு நாள் மலையில் தேடிய ஏதோ ஒன்று காலடியில் தானாக வந்து ஒட்டிக்கொண்டதுபோல உள்ளங்கால் சுட்டது. தண்ணீர் கொட்டுகிற சத்தம் எங்கேயோ தூரத்தில் கேட்டது. அறுபத்தாறு. பிடரி சிலிர்த்தது. அறுபத்தேழு.

அதற்குமேல் நடந்தது பேயாண்டிக்குத் தெரியாது. ஊருக்கே தெரியும், அவன் ஒருத்தனுக்கு மட்டும் தெரியாது. அன்னக்கொடி கண்டதை வைத்துத்தான் சொல்ல வேண்டும்.

மடையைத் திருப்பிக்கொண்டிருந்தவள், வாய்க்காலில் திடீரென்று தண்ணீர் பொங்கி வருவதைக் கண்டு நிமிர்ந்து பார்த்தாள். மாடுகள் கண்ணைப் பிதுக்கிக்கொண்டு சரிவில் பாய்ந்து இறங்கின. பேயாண்டி வடத்தில் உட்காரவில்லை. கையை விரித்து, நெஞ்சை நிமிர்த்தி, நாக்கைக் கடித்துக்கொண்டு கூடவே பாய்ந்தான். சால் கொட்டியதும் அதே வேகத்தில் பின்பக்கமாகவே மேடேறினான். கண் இரண்டும் கோவைப்பழம். அவள் மாமனாரை அந்தக் கோலத்தில் எத்தனை வருஷம் பார்த்திருக்கிறாள். மண்வெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கம்மிப்போன அந்தத் தொண்டையாலேயே குலவையிட்டாள்.

நிழலில் படுத்திருந்த ஊர் எழுந்து ஓடிவந்தது. மேளக்காரர்கள் அடித்துக்கொண்டே வந்தார்கள். பூசாரி சோலை மூச்சிரைக்க முன்னால் போய்க் கைகூப்பினார். "அப்பே! வந்திருக்கது யாரு?"

"அறுவத்தெட்டு!" என்று இடி மாதிரி ஒரு குரல்.

பூசாரி விழித்தார். "நம்ம கோயில்ல மொத்தமே இருபத்தொரு சாமிதானே, அறுவத்தெட்டாவது சாமி ஏது?" என்று அம்பலத்தின் காதைக் கடித்தார்.

"ஏய் சோலை! தெக்க இருக்க ஒத்தப்பனையில குடியிருக்கவன்டா! அறுவத்தொம்போது!"

கூட்டம் அப்படியே தரையில் விழுந்தது. விழாமல் நின்றது மொக்கையன் ஒருத்தன்தான். இம்புட்டு மேளத்துக்கு அவனால் பொறுக்க முடியுமா? பிடித்திருந்த ரெண்டு பேரும் தரையில் கிடக்க, "கருப்பு வந்துருக்கேண்டா!" என்று ஆடிக்கொண்டே கிணற்று மேட்டுக்கு ஏறினான்.

கமலை நின்றது. பேயாண்டி மேல் இருந்தது அவனை ஏற இறங்கப் பார்த்தது. "நான் இங்க இருக்கேன். அங்க வந்திருக்கது எவன்டா?"

மொக்கையன் ஆட்டம் பாதியில் தடுமாறியது. அவன் அண்ணனை அவனுக்குத் தெரியும். நானாத்தான் ஆடினேன் என்று ஊர் முன்னால் ஒப்புக்கொண்ட ஆள். அந்த முகத்தில் இப்போது பார்ப்பது அண்ணன் இல்லை. "நா... நான் சின்னக் கருப்பு" என்றான், குரலை ரெண்டு படி இறக்கி.

"சின்னவனா? சரி. மம்பட்டிய எடு. கீழப் பாத்தி மடையத் திருப்பு."

சாமி சொன்னால் சாமி கேட்டுத்தானே ஆக வேண்டும்? மதுரைத் தையல்காரன் தைத்த புதுப் பட்டுச் சல்லடத்தோடு மொக்கையன் முழங்கால் சேற்றில் இறங்கி, விடாமல் நடுங்கிக்கொண்டே, பாத்தி பாத்தியாகத் தண்ணீர் பாய்ச்சினான். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே பாய்ச்சினான்.

எண்பதாவது சாலில் பூசாரி தைரியத்தைத் திரட்டிக்கொண்டு கேட்டுவிட்டார். "அப்பே, நாங்க ஏதும் குத்தம் செஞ்சிருந்தா மன்னிச்சுக்க. மூணு வருசமா மேளம் வச்சு, மால போட்டுக் கூப்புட்டோமே. இந்தப் புள்ள அழுது புரண்டுச்சே. ஏன் வரல?"

சாமி நின்றது. மாடுகளும் நின்றன. மேளக்காரர்கள் கையைத் தொங்கப் போட்டார்கள்.

"வரலையா?" என்றது கருப்பு. "நான் எங்கயாச்சும் போயிருந்தாத்தானடா வாரதுக்கு? இருவது வருசமா இவன் கூட இந்தச் சரிவுல எறங்கி ஏறி, எறங்கி ஏறி, என் காலப் பாருங்கடா! ஒரு நாளைக்கி நூத்தம்பது தரம் கூப்புடுறான். பூச்சிய ஏன் பாக்கலங்குறான், மழைய ஏன் விடலைங்குறான். ஒரு பேச்சு பாக்கி வச்சானா? பெறகு கோயில்ல போய் நின்னுக்கிட்டு வா வாங்குறான். பக்கத்துல நிக்கிறவன் எங்கேருந்துடா வருவான்?"

அன்னக்கொடி மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். அம்பலமும் கண்ணைத் துடைத்துக்கொண்டார், சாம்பிராணிப் புகை என்று பிற்பாடு சொன்னார்.

பூசாரி குரல் தழுதழுக்க, "என்ன வேணும் கேளு அப்பே. கெடா வெட்டவா? சாராயம் வைக்கவா? சுருட்டு வேணுமா?" என்றார்.

கருப்பு ஒரு நிமிஷம் யோசித்தது.

"அந்தச் சகடைக்கு எண்ணெய் போடச் சொல்லுங்கடா. இருவது வருசமா காது கிழியுது."

அவ்வளவுதான். பேயாண்டி தொப்பென்று தொட்டிக்குப் பக்கத்தில் விழுந்தான். முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள். கண்ணைத் திறந்தவன், சுற்றி நின்ற கூட்டத்தையும், சேற்றில் நின்ற மொக்கையனையும், தளும்பத் தளும்ப நின்ற கத்தரிப் பாத்தியையும் பார்த்தான்.

"பூக்கட்டிப் போட்டாச்சா?" என்றான்.

அதற்குமேல் ஊரில் ஒரு சின்ன வழக்கு நடக்கத்தான் செய்தது. சாமி கோயிலில் இறங்கினால்தானே கணக்கு, கிணற்றடியில் இறங்கினால் செல்லுமா என்று ரெண்டு பேர் கேட்டார்கள். "செல்லும் செல்லும். அடுத்த வருசம் மேளத்த நேரா இங்கயே கொண்டாந்துருங்க. நமக்கும் ரெண்டு நடை மிச்சம்" என்று அம்பலம் முடித்துவிட்டார். மொக்கையன் சேற்றுக்காலோடு வந்து, "அண்ணே, நீதாண்ணே" என்று கையெடுத்துக் கும்பிட்டான். மேளக்காரர் ஒருவர் அலுப்பில் தோல் பறையைக் கீழே வைத்தார். அந்தச் சத்தத்துக்கு அவனுக்கு லேசாகத் தோள் ஆடியது, அடக்கிக்கொண்டான்.

சாயங்காலம் வீட்டில் கூழைக் குடித்துக்கொண்டே பேயாண்டி நாலாவது தடவையாகக் கேட்டான். "நெசமாவே வந்துச்சா புள்ள?"

"வந்துச்சுய்யா."

"என் மேலயா?"

"உன் மேலதான்."

"எனக்கு ஒண்ணுமே தெரியலையே. எம்புட்டு நாளாக் காத்துக்கெடந்தேன், வந்தப்ப நான் இல்லாமப் போயிட்டேனே." கூழைக் கீழே வைத்தான். "என்னத்தக் கேட்டுச்சு?"

"சகடைக்கு எண்ணெய்."

பேயாண்டி அவளைச் சந்தேகமாகப் பார்த்தான். "அது நீ சொல்றதுல்ல?"

"நான் பத்து வருசமாச் சொன்னேன், நீ போடல. அதான் சாமி சொல்லிருச்சு. போடுவியா மாட்டியா?"

"போடுறேன், போடுறேன். வேற ஒண்ணும் சொல்லலையா?"

அன்னக்கொடி அடுப்பில் விறகைத் தள்ளினாள். "உன் கூடவே நடந்து நடந்து கால் கடுக்குதாம்" என்றாள்.

மறுநாள் காலையில் பேயாண்டி விளக்கெண்ணெய்க் கிண்ணத்தோடு கிணற்றடிக்குப் போனான். சகடைக்கு எண்ணெய் விட்டான். சத்தம் அடியோடு நின்றது. பழகிய சத்தம் கேட்காமல் மாடுகள் ரெண்டும் திகைத்துப்போய்த் திரும்பிப் பார்த்தன. "கருப்பா ஒண்ணு" என்ற பிறகுதான் அவற்றுக்கு உயிர் வந்தது.

வடத்தில் உட்காரப் போனவன் ஒரு கணம் தயங்கினான். அப்புறம், நடுவில் உட்காராமல், இன்னொரு ஆளுக்கு இடம் விட்டு ஓரமாக உட்கார்ந்தான். வடம் என்ன பெஞ்சுப் பலகையா, ரெண்டு பேருக்கு இடம் கொடுக்க? பாதிச் சரிவில் வழுக்கி மல்லாக்க விழுந்தான்.

"என்னய்யா ஆச்சு?" என்று கத்தரிப் பாத்தியிலிருந்து அன்னக்கொடி கத்தினாள்.

"ஒண்ணுமில்ல புள்ள! ஒண்ணுமில்ல!"

எழுந்து பின்பக்கத்து மண்ணைத் தட்டிக்கொண்டான். யாரும் பார்க்கவில்லையே என்று சுற்றிப் பார்த்துவிட்டு, பக்கத்தில் நிற்கிற ஆளிடம் பேசுகிற மாதிரிக் குரலைத் தாழ்த்திச் சொன்னான். "இது சரிப்படாது கருப்பா. ஒரு சாலுக்கு நான் உக்காருறேன், ஒரு சாலுக்கு நீ உக்காரு. இப்ப உன் மொறை."

இரண்டாவது சாலுக்கு வடத்தின் மேல் யாரும் உட்காரவில்லை. பேயாண்டி கூடவே நடந்து இறங்கினான். சால் என்னவோ நிறைந்து, ஆள் உட்கார்ந்தபோது போலவே சுளுவாகத்தான் மேலே வந்தது.